பதினைந்து மணித்தியாலக் கணக்கு

பல்கலைக்கழகக் கல்வி குறித்து நம்மிடையே எழும் விவாதங்கள் பெரும்பாலும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. யார் உள்ளே வரலாம், எந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம், எந்த மொழியிற் கற்பது என்பனவே 1970களிலிருந்து நமது எழுத்துக்களை ஆட்கொண்டுள்ளன. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன என்பதை மறுப்பாரிலர். ஆயினும், வாயிலைக் கடந்து உள்ளே வந்த மாணவர் அங்கு எவ்வாறு கற்பிக்கப்படுகின்றனர், ஆசிரியரோடு அவர்கள் செலவிடும் நேரம் எவ்வாறு வகுக்கப்பட்டுள்ளது என்னும் வினா, நேரசூசி தயாரிக்கும் எழுதுவினைஞருக்கு உரியதென்று ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. இது எழுதுவினைஞரின் விடயமன்று. தமிழ்மொழிமூலம் கற்கும் கலைப்பீட மாணவரைப் பொறுத்தவரையில், அவர்கள் பெறும் பட்டத்தின் உள்ளீடு யாது என்பதைத் தீர்மானிப்பது இவ்வினாவே என்பது எமது கருத்து.

விதியை முதலில் நோக்குவோம். 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்று 2015இல் திருத்தப்பெற்ற இலங்கைத் தகைமைச் சட்டகம், ஒரு கற்கைநெறியின் கனத்தைக் கிரெடிட் என்னும் அலகினால் அளக்கின்றது. (இதற்குத் தமிழில் ஆளுக்கொரு பெயர் சூட்டியுள்ளனர். மாணவர் வாயில் வழங்குவது கிரெடிட் என்பதே. அதனையே நாமும் கொள்வோம்.) ஒரு கிரெடிட் என்பது 50 உத்தேசக் கற்றல் மணித்தியாலங்களுக்குச் சமம். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட்டுகளும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகளும் வேண்டும். விரிவுரையாக நடத்தப்படும் பாடமாயின், அந்த 50 மணித்தியாலங்களுள் 15 மணித்தியாலங்கள் ஆசிரியர் முன்னிலையிற் கழிதல் வேண்டும். எஞ்சிய 35 மணித்தியாலங்களும் மாணவரின் சுயகற்றல், ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் ஆகியவற்றுக்கு உரியன.

காகிதத்தில் இவ்வேற்பாடு குறைகூற இயலாதது. கற்றல் என்பது பெரும்பாலும் விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நிகழ்வது என்னும் உண்மையை அது ஏற்றுக்கொள்கின்றது. பத்தில் ஏழு பங்கை வெளிப்படையாகவே அதற்கு ஒதுக்குகின்றது. ஆனால் நமது பீடங்களிற் காவல் காக்கப்படுவது எது? 15 மணித்தியாலங்கள் மட்டுமே. அதற்கு இடாப்பு உண்டு, கையொப்பம் உண்டு, 80 வீத வரவு இல்லையேற் பரீட்சை எழுத இயலாது என்னும் தண்டனை உண்டு, விரிவுரை நடந்ததா என்று வினவுவதற்குத் துறைத்தலைவரும் பீடாதிபதியும் உளர். 35 மணித்தியாலங்களுக்கோ எவருமில்லை. அவை நிகழ்ந்தனவா, நிகழ்வதற்கு வேண்டிய நூல் உண்டா, இருக்கை உண்டா, மின்விளக்கு உண்டா என்று வினவும் படிவத்தை நாம் இதுவரை கண்டதில்லை.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாணவர் ஒருவர் ஓர் அரையாண்டில் 15 கிரெடிட்டுகளைப் பெறுகிறார் எனக் கொள்க. விரிவுரை 225 மணித்தியாலங்கள். கற்பித்தல் நடைபெறும் 15 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 15. சுயகற்றல் 525 மணித்தியாலங்கள். பரீட்சை விடுமுறையையும் பரீட்சை வாரங்களையும் சேர்த்து 20 வாரங்கள் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், வாரத்துக்கு 26 மணித்தியாலங்களுக்கு மேல் அவர் தாமாகவே வாசித்தும் எழுதியும் இருத்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்பட நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். விடுதியில் இடங்கிடையாமல் வெளியே அறையெடுத்து, மாலையிற் சிறுவருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துச் செலவைச் சமாளிக்கும் மாணவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் அந்நான்கு மணித்தியாலத்தை எங்கே, எந்த நூலை வைத்துக்கொண்டு கழிக்கிறார்? பட்டச் சான்றிதழில் நாம் அச்சிட்டுக் கொடுக்கும் 6,000 மணித்தியாலங்களுள் 4,200 மணித்தியாலங்கள் வெறும் உத்தேசம்.

இம்மணித்தியாலக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்ளல் நன்று. அன்ட்ரூ கார்னகி என்னும் உருக்குத்தொழில் அதிபர் அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கவெனப் பெருநிதியொன்றை ஒதுக்கினார். 1905இல் அதற்கென ஒரு நிறுவனம் அமைந்தது. எந்தக் கல்லூரியின் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு உரியர் என்று தீர்மானிப்பதாயின், கல்லூரி என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. இடைநிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை 120 மணித்தியாலங்கள் கற்றால் ஓர் அலகு. அத்தகைய 14 அலகுகளைப் பெற்றவரையே சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் கல்லூரி. கார்னகி அலகு எனப் பெயர்பெற்றது இதுவே. 1910இல் அதே நிறுவனத்துக்காக மொரிஸ் குக் என்னும் பொறியியலாளர் ஓர் அறிக்கை தயாரித்தார். தொழிற்சாலையிலே தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரங் கொண்டு அளந்த பிரெடரிக் டெய்லரின் வழிவந்தவர் அவர். ஒரு மாணவருக்கு ஒரு மணித்தியாலம் கற்பிக்க ஆகும் செலவு யாது என்று பல்கலைக்கழகத்தை அளக்க முற்பட்டார். ஆக, மணித்தியாலம் என்னும் அளவுகோல் அறிவை அளப்பதற்காக ஆக்கப்பட்டதன்று. ஓய்வூதியத்தையும் செலவையும் அளப்பதற்காக ஆக்கப்பட்டது. அந்நிறுவனமே 2015இல் தனது நூற்றாண்டுப் பழைமையான அலகை மீள்பரிசீலனை செய்து, அது கற்றலின் தரத்தை அளக்கும் கருவியன்று என்பதை ஏற்றுக்கொண்டது; எனினும் அதனிடத்தில் வைப்பதற்கு வேறொன்று ஆயத்தமாக இல்லாமையால் அதனைக் கைவிடவில்லை.

அயல்நாட்டு அளவுகோல் என்பதற்காக நாம் இதனைப் பழிக்க முற்படவில்லை. நமது மரபிலும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. அது இதனினும் கூரியது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே மாணவன் கல்விபெறும் வகையைப் பங்கிட்டுக் கூறுகிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாக உள்வாங்கினாலும் அதனாற் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் வந்து சேர்வது. 50இல் 15 என்பது காற்பங்கைச் சற்றே விஞ்சியது. ஆசிரியர் பங்கைப் பொறுத்தமட்டிற் சட்டகமும் நன்னூலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு மிச்சத்தில் இருக்கின்றது. பவணந்தியார் முக்காற்பங்கையும் மாணவனின் தனிமையிலே தள்ளிவிடவில்லை. ஒரு காற்பங்குக்குத் தோழர் வேண்டும். அரைப்பங்குக்குக் கேட்போர் வேண்டும். அதாவது, வாய்திறந்து பேசுவதற்கு ஒரு சிறு கூட்டம் வேண்டும். நமது நேரசூசியில் அக்கூட்டத்துக்கு எந்தக் கட்டத்தில் இடமுண்டு?

முன்பு இருந்தது. அதற்கு ரியூட்டோரியல் என்று பெயர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதும், ஐவர் ஜெனிங்ஸ் விரும்பியவாறு 1952இல் அது பேராதனைக்குக் குடிபெயர்ந்து விடுதிப் பல்கலைக்கழகமாக அமைந்தபோதும், சிறு குழுவாக ஆசிரியர் அறையிற் கூடி, எழுதிவந்த கட்டுரையை வாசித்து, வெட்டியும் ஒட்டியும் பேசுதல் கல்வியின் உயிர்நாடியாகக் கருதப்பட்டது. அக்காலத்தைப் பொற்காலமாகப் போற்றுவது எமது நோக்கமன்று. ஆங்கிலங் கற்ற சிறு வகுப்பினரின் பிள்ளைகளுக்கென அமைந்த ஏற்பாடு அது; ஆண்டிறுதிப் பரீட்சை என்னும் ஒற்றை வாளின் கீழ் அவர்கள் அமர்ந்திருந்தனர். கிராமத்துப் பிள்ளைகள் பெருந்தொகையாக உள்ளே வந்தது, 1960ஐ ஒட்டிக் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளான பின்னரே. அந்த வருகை வரலாற்று முன்னேற்றம். ஆனால் அவ்வருகையோடு நிகழ்ந்த ஒன்றை நாம் இன்னும் நேர்நின்று நோக்கவில்லை. மொழி மாறியது, நூல்கள் மாறவில்லை. தமிழில் உசாத்துணை நூல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த நிலையில், ஆசிரியரே ஆங்கில நூலை வாசித்து, தமிழில் தொகுத்து, விரிவுரை மண்டபத்திலே சொல்லச் சொல்ல மாணவர் எழுதிக்கொண்டனர். அன்று அதற்கு வேறு வழியிருக்கவில்லை. நூலுக்குப் பதிலாக விரிவுரை நின்றது. ஆயின், தற்காலிகமாக ஊன்றிய அந்த முட்டுக்கட்டையே காலப்போக்கில் வீட்டின் தூணாகிவிட்டது. விரிவுரை என்றாற் குறிப்புச் சொல்லுதல், கற்றல் என்றாற் குறிப்பை மனனஞ் செய்தல் என்னும் வழக்கம் நிலைபெற்றது. அரையாண்டு முறையும் கிரெடிட் முறையும் பின்னர் வந்து சேர்ந்தபோது, எளிதில் எண்ணக்கூடியதாக அங்கே இருந்தது அந்த விரிவுரையே. ரியூட்டோரியல் எண்ணிக்கையிலிருந்து நழுவியது. எண்ணப்படாதது விரைவில் நேரசூசியிலிருந்தும் நழுவிற்று.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. நமது ஊர்களிலே ரியூட்டரி என்று ஒன்று உண்டு. கொட்டிலிலே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாங்கில் நெருக்கியமர்ந்திருக்க, ஒலிபெருக்கியில் ஆசிரியர் உயர்தரப் பாடத்தை ஒப்புவிக்கும் இடம் அது. ரியூட்டரியும் ரியூட்டோரியலும் ஒரே வேரிற் பிறந்த சொற்கள். ரியூட்டோரியல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற, ரியூட்டரி அதனுள் நுழைந்து மண்டபத்தில் அமர்ந்துகொண்டது.

யாம் மாணவராயிருந்தபோது நிகழ்ந்த ஒன்றை இங்கு கூறலாம். எமது இரண்டாம் ஆண்டில் இரண்டு கிரெடிட் பெறுமதியான பாடமொன்றுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. வெளியூரிலிருந்து வருகைதரு விரிவுரையாளர் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் இரண்டு வார இறுதிகளில் வந்தார். சனியும் ஞாயிறுமாக நான்கு நாட்கள், நாளொன்றுக்கு ஏழரை மணித்தியாலம். 30 மணித்தியாலம் நிறைவெய்தியது, இடாப்பும் நிறைந்தது. அவர் மிகச் சிறந்த அறிஞர். முதல்நாட் காலையில் அவர் பேசிய இரண்டு மணித்தியாலம் இன்றும் நினைவில் நிற்கின்றது. மூன்றாம் நாட் பிற்பகலில் அவர் பேசியது யாது என்பதை எம்முள் ஒருவரும் அறியார், அவருக்கே நினைவிருந்திருக்காது. தூங்கியவருக்காக விழித்திருந்தவர் கையொப்பமிட்டனர். ஒப்படை எழுத அவகாசமில்லை. ஐயந் தோன்றுவதற்கே அவகாசமில்லை. ஐயம் தோன்றியபோது அவர் பேருந்தேறிப் போய்விட்டார். அப்பாடத்தில் எமக்கு நல்ல பெறுபேறு கிடைத்தது. விதியின் கண்ணில் அது குறைவற நடைபெற்ற கற்கைநெறி. அதே பாடத்தை வாரத்துக்கு ஒரு மணித்தியாலமாக 15 வாரங்கள், சிறு குழுவாக, வாசித்துவந்து பேசும் முறையில் ஒருவர் நடத்தியிருந்தால், அதே விதி அதனைப் பாதிப்பாடம் என்று கூறி நிராகரித்திருக்கும்.

அவ்விரிவுரையாளரை யாம் குறைகூறவில்லை. வருகைதரு விரிவுரையாளருக்குக் கொடுப்பனவு மணித்தியாலக் கணக்கில் வழங்கப்படுகின்றது. மணித்தியாலத்தை வாங்குபவருக்கு மணித்தியாலமே விற்கப்படும்.

2020இல் பெருந்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, தொடர்பு மணித்தியாலம் என்றால் என்ன என்று சிந்திப்பதற்கு அரியதொரு வாய்ப்புக் கிடைத்தது. நாம் செய்தது யாது? நேரசூசியை அப்படியே சூம் திரைக்கு மாற்றினோம். எட்டு மணி விரிவுரை எட்டு மணிக்கே நடந்தது. பெயர் எழுதப்பட்ட கறுப்புக் கட்டங்களை நோக்கி ஆசிரியர் பேசினார். அலைவரிசை தேடி உயரமான இடங்களுக்கு ஏறிய மாணவர் தமது வரவைப் பதிந்துகொண்டனர். பதிவுசெய்து வைத்து எந்நேரமும் கேட்கக்கூடிய உரையை எல்லாரும் ஒரே நேரத்திற் கேட்கவேண்டும் என்று வற்புறுத்தினோம்; எல்லாரும் ஒரே நேரத்திற் கூடினால் மட்டுமே நிகழக்கூடிய உரையாடலைக் கைவிட்டோம். இதற்கு மாறானதொரு வழி நமது நாட்டிலேயே முன்மாதிரியாக இருந்தது. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்திலே பாடத்தை ஏந்திவருவது அச்சிட்ட பாடநூல். மாணவர் அதனை வாசித்து ஒப்படை எழுதுகிறார். டே ஸ்கூல் என்று அங்குள்ளோர் அழைக்கும் நேரடி வகுப்புகள் அதற்குத் துணையாக இடையிடையே வருகின்றன. அங்கும் குறைகள் இல்லாமலில்லை. ஆனால் எது நூலுக்குரியது, எது நேரிற் சந்திப்பதற்குரியது என்னும் பாகுபாடு அங்கே சிந்திக்கப்பட்டிருக்கின்றது. வதிவிடப் பல்கலைக்கழகங்களாகிய நாமோ, நேரிற் சந்திக்கும் பெருவாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதனைக் குறிப்புச் சொல்வதிற் கரைக்கிறோம்.

எமது கருத்துக்கு மறுப்புக் கூறுவோர் உளர். அவர்கள் கூற்று அற்பமானதன்று. தொடர்பு மணித்தியாலத்தின் கீழெல்லையைத் தளர்த்தினாற் பட்டம் விற்போருக்குக் கதவு திறந்துவிடும் என்பர். கட்டணம் வாங்கிக்கொண்டு கைச்சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் பெருகியுள்ள காலத்தில், 15 என்னும் எண் மாணவருக்கு ஓர் அரண் என்பது அவர்கள் வாதம். அரண் என்பதை ஏற்கிறோம். ஆனால் இரண்டு வார இறுதிகளில் ஏறிக் கடக்கக்கூடிய அரண் எத்தகைய அரண்? கீழெல்லை வேண்டும், அது மண்டபத்தில் அமர்ந்திருந்த நேரத்துக்கு வைக்கப்படுவதைவிட, மாணவர் எழுதி ஆசிரியர் திருத்திக் கொடுத்த தாள்களுக்கும், மாணவர் பேசி ஆசிரியர் கேட்ட சந்திப்புக்களுக்கும் வைக்கப்படுமாயின், பட்டம் விற்போரால் அதனைக் கடத்தல் அரிது. அது செலவு மிக்கது; அவர்கள் அஞ்சுவது செலவுக்கே.

நமது பிள்ளைகள் தாமாக வாசிக்கமாட்டார்கள், வரவைக் கட்டாயமாக்காவிடின் விடுதியிற் படுத்துறங்குவார்கள் என்பர் வேறு சிலர். இவர்கள் நம்முடைய உடன் ஆசிரியர்களே. வாசிக்காமலே சித்தியடையக்கூடிய பரீட்சையை அமைத்தவர் யார்? சொன்ன குறிப்பைச் சொன்னபடி எழுதியவருக்கு அதிவிசேட சித்தி வழங்கியவர் யார்? மாணவர் நம்மைவிட விவேகிகள். எது கணக்கில் வருகின்றதோ அதனையே செய்கின்றனர்.

ஆளணி இல்லை என்பதே எல்லாவற்றினும் வலுவான மறுப்பு. இதற்கும் கணக்கினாலேயே விடை கூறுவோம். 120 மாணவர் பயிலும் மூன்று கிரெடிட் பாடமொன்றை எடுத்துக்கொள்க. இப்பொழுது ஆசிரியர் 45 மணித்தியாலம் விரிவுரை நிகழ்த்துகிறார். அதனை 30 ஆகக் குறைப்போம். மாணவரைப் பதினைவர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் அரையாண்டில் ஐந்து முறை, ஒரு மணித்தியாலம் கூடுமாறு செய்வோம். மொத்தம் 40 மணித்தியாலம். ஆசிரியருக்கு மீதமான 15 மணித்தியாலம் இதற்குப் போக எஞ்சுவது 25. தற்காலிக உதவி விரிவுரையாளர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவாகச் செலவிட்டால் அது நிறைவேறும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. புதிய பதவி தேவையில்லை. மாணவர் ஒவ்வொருவரும் அரையாண்டில் ஐந்து முறையாவது தாம் வாசித்ததைப் பிறர் முன் எடுத்துரைக்கவும் மறுக்கப்படவும் வாய்ப்புண்டாகும். ஆனால் மாணவரின் நேரடித் தொடர்பு 35 மணித்தியாலமாகிவிடுகின்றதே! பாடத்திட்டக் குழுவின் மேசையில் அது பத்து மணித்தியாலம் குறைந்த பாடம். திருப்பி அனுப்பப்படும். சட்டகத்தின் அடிப்படையோ 50 மணித்தியாலக் கற்றல். இத்தகைய மாற்றத்துக்கு அது பகையன்று. அதனை நமது குழுக்கள் வாசிக்கும் முறையே பகை. 15 என்னும் எண்ணை மட்டும் பிய்த்தெடுத்து, 35ஐ அடிக்குறிப்பாக்கிவிட்டோம்.

இனி, நூல்களைப் பற்றி. ரியூட்டோரியல் மீண்டாலும் அதற்கு வாசித்துவர நூல் வேண்டும். ஆங்கிலமொழிமூல மாணவருக்கு 35 மணித்தியாலம் என்பது கடினமான கடமை. தமிழ்மொழிமூல மாணவருக்குப் பல பாடங்களில் அது நிறைவேற்ற இயலாத கடமை. கற்கைநெறி அங்கீகாரத்துக்கு அனுப்பப்படும் படிவத்தில் உசாத்துணைப் பட்டியல் உண்டு, அழகாகவே உண்டு. பத்து ஆங்கில நூல்கள். அவற்றுள் ஆறு நூலகத்தில் இல்லை. இருப்பவற்றில் ஒவ்வொரு பிரதி. தமிழ் நூல் ஒன்றோ இரண்டோ, அதுவும் பட்டியல் தயாரித்தவரே எழுதியதாக இருக்கும். இப்பட்டியலை எவரும் ஏமாற்று என்று கூறுவதில்லை. விரிவுரை 45 மணித்தியாலத்தில் ஐந்து குறைந்தால் மட்டும் ஏமாற்று என்கிறோம்.

1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டு, பல்கலைக்கழகப் பாடநூல்கள் மொழிபெயர்க்கப்பட்டபோது, போதனாமொழி மாற்றத்துக்கு நூல் முன்நிபந்தனை என்னும் உணர்வு அரசிடமே இருந்தது. பின்னர் அது தளர்ந்தது. இன்று, 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடி, எவரும் வாசிக்குமாறு வைத்திருக்கின்றது. தன்னார்வலர் முயற்சியாகத் தோன்றிய அது செய்ததை, சம்பளம் பெறும் நாம் நமது பாடங்களோடு இணைத்து ஒரு வாசிப்புத் தொகுதியாக ஆக்கிக்கொடுத்ததில்லை.

ஆகவே, பீடச் சபைகளின் முன் யாம் வைக்கும் கோரிக்கை இது. கற்கைநெறிப் படிவத்திலே விரிவுரை மணித்தியாலத்துக்கு உள்ள கட்டத்துக்கு அருகே மேலும் மூன்று கட்டங்கள் இடப்படல் வேண்டும். மாணவர் தமது போதனாமொழியில் வாசிக்கக்கூடிய பக்கங்கள் எத்தனை? அவை நூலகத்தில் எத்தனை பிரதிகள்? அரையாண்டில் மாணவர் ஒருவர் எழுதி, திருத்தப்பெற்றுத் திரும்பப் பெறும் தாள்கள் எத்தனை? இம்மூன்றிலும் பூச்சியம் உள்ள பாடம், 45 மணித்தியால விரிவுரை கொண்டிருந்தாலும், அங்கீகரிக்கப்படலாகாது. 80 வீத வரவு விதியை விரிவுரையிலிருந்து நீக்கி ரியூட்டோரியலுக்கும் ஒப்படைக்கும் மாற்றுதல் வேண்டும். ஒரு நாளில் ஒரே பாடத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட விரிவுரை கணக்கிற் சேர்க்கப்படலாகாது. படிவத்தை மாற்றுவதற்குப் பாராளுமன்றச் சட்டம் வேண்டியதில்லை. மூதவையின் ஒரு தீர்மானம் போதும். எமது பாடத்தின் படிவத்தை இவ்வாறு நிரப்பி, 30 மணித்தியால விரிவுரை, ஐந்து ரியூட்டோரியல், நான்கு ஒப்படை என்று குறித்து, சென்ற தவணையிலே துறைக்குச் சமர்ப்பித்துள்ளோம். மணித்தியாலம் போதாது என்னும் குறிப்போடு அது ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. மீண்டும் அனுப்பியிருக்கிறோம்.